தோற்றது இரண்டு ஸ்டேஷன்தான், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். போனில் பேச ஆரம்பித்தால் நீ அழுவாய், நான் அதட்டுவேன், பாதியிலேயே உனக்கு டியூட்டிக்கு நேரமாகிவிடும். அதனால்தான் எழுதி அனுப்புகிறேன். இரவு சாப்பிட்ட பிறகு நிதானமாகப் படி.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் நர்ஸாகப் பதிவாக நீ எழுதுகிற ஆஸ்கி செய்முறைத் தேர்வில் பத்து ஸ்டேஷன், அதாவது பத்து தனித்தனிச் சோதனை. நீ எட்டில் தேறியிருக்கிறாய். ஏழு ஸ்டேஷன் வரை தோற்றவர்கள் தோற்றதை மட்டும் திரும்ப எழுதினால் போதும், கட்டணமும் 794 பவுண்டில் பாதி, 397 தான். எட்டோ அதற்கு மேலோ தோற்றிருந்தால்தான் மொத்தத்தையும் மறுபடி எழுத வேண்டும். ஒரு விண்ணப்பத்துக்கு மூன்று வாய்ப்பு. வேலையில் சேர்ந்து 12 வாரத்துக்குள் முதல் தடவை எழுத வேண்டும் என்ற விசா நிபந்தனையை முடித்துவிட்டாய். எட்டு மாதத்துக்குள் தேற வேண்டும் என்பதில் இன்னும் பாதிக்கு மேல் கையில் இருக்கிறது. இதில் அழுவதற்கு என்ன இருக்கிறது, சொல்லு.

அடுத்தது, எங்கே விட்டாய் என்பது. மருந்து கொடுக்கும் ஸ்டேஷனில் நோயாளியின் கைப்பட்டையைப் பார்த்தேன், சார்ட்டையும் பார்த்தேன், அலர்ஜி கட்டத்தையும் பார்த்தேன் என்கிறாய். பார்த்திருப்பாய், எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வாயைத் திறந்தாயா? எதிரே பேப்பரோடு உட்கார்ந்திருக்கிறவர் உன் கண் எங்கே போகிறது என்று எப்படி மார்க் போடுவார்? "உங்கள் முழுப் பெயர் என்ன, பிறந்த தேதி என்ன, எந்த மருந்தாவது உங்களுக்கு ஒத்துக்கொள்ளாதா" என்று கேட்டு, பதிலைக் கைப்பட்டையோடும் சார்ட்டோடும் ஒத்துப் பார்த்து, "இந்த மாத்திரை இதற்காக, வாங்கிக்கொள்கிறீர்களா" என்று சொல்லி, அப்புறம்தான் கையை நீட்ட வேண்டும். பென்சிலின் ஆகாது என்று எழுதியிருக்கிற சார்ட்டில் அமாக்ஸிசிலின் எழுதி வைத்திருந்தால், கொடுக்காமல் நிறுத்தி, ஏன் நிறுத்தினேன் என்று அதே சார்ட்டில் எழுத வேண்டும்.

ஐசியூவில் எட்டு வருஷம் இருந்தவளுக்கு இது நடிப்பு மாதிரி தெரிகிறது என்றாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் நர்ஸாக இருந்த பெண்கள் வார்டில் ஒரே சமயத்தில் மூன்று இசக்கியம்மாள் படுத்திருப்பார்கள். பிறந்த தேதி கேட்டால் "ஆடி மாசம்மா, கொடை முடிஞ்சு" என்பார்கள். ஆதாரைப் பார்த்தால் மூன்று பேருக்கும் ஜனவரி ஒன்று. அங்கே நாம் முகத்தை வைத்து, கட்டிலை வைத்து, கூட இருக்கிற மருமகளை வைத்து ஆளை அடையாளம் வைத்துக்கொண்டோம். வேறு வழி இல்லை. ஆனால் ஊசி மாறிப்போவதெல்லாம் நன்றாகத் தெரிந்த ஆள் என்று நினைக்கிற இடத்தில்தான் நடக்கும், புது ஆளிடம் இல்லை. உனக்குத் தேதி சொல்லத் தெரிந்த நோயாளியும், கையில் பட்டையும், நின்று கேட்க நேரமும் கொடுத்திருக்கிறார்கள். எங்களுக்கு அது கிடைத்திருந்தால் விட்டிருப்போமா?

இரண்டாவது ஸ்டேஷன்தான் எனக்கு யோசனையாக இருந்தது. யாரோடும் பேசாமல் உட்கார்ந்து எழுதுகிற ஒன்று. கூட வேலை செய்கிறவள் மருந்தைத் தவறாகக் கொடுத்துவிட்டு, யாரிடமும் சொல்லாதே என்கிறாள், நீ என்ன செய்வாய் என்று கேட்டிருக்கிறார்கள். நீ, தனியாகக் கூப்பிட்டுப் பேசுவேன், இனிமேல் கவனமாக இரு என்று சொல்வேன் என்று எழுதியிருக்கிறாய். இது நம்ம ஊர் வார்டில் வளர்ந்த பதில். கூட இருக்கிறவளைக் காட்டிக்கொடுக்கக் கூடாது, மேட்ரன் காதுக்குப் போனால் மெமோ வரும், அவள் வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். சரி, அந்த ஈரம் உன்னிடம் இருப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் உன் பதிலில் அந்த நோயாளி எங்கே? அந்த ஊர் நர்ஸிங் கவுன்சிலின் நடத்தை விதியை, 'தி கோட்' என்கிறார்களே, அதை மறுபடி எடுத்து இந்தக் கண்ணோடு படி. முதலில் நோயாளிக்கு ஏதாவது ஆயிற்றா என்று பார்க்க வேண்டும், டாக்டருக்குச் சொல்ல வேண்டும், பொறுப்பு நர்ஸுக்குச் சொல்ல வேண்டும், நடந்ததை நோயாளியிடமே மறைக்காமல் சொல்ல வேண்டும், சம்பவ அறிக்கை எழுத வேண்டும். தோழியிடம் பேசுவதும் அதில் வரும், அவளையே சொல்ல வைப்பதற்காக. இதை ஒப்பிக்காதே, அங்கே வேலை செய்யும் விதம் அதுதான் என்று எடுத்துக்கொள். கவுன்சிலின் பதிவு எண், அந்த 'பின்' நம்பர், வந்த பிறகு ராத்திரி டியூட்டியில் நீதான் பொறுப்பு.

இனி உன் மனக்குறை. வென்ஃப்ளான் (நரம்பில் மருந்து ஏற்றும் ஊசிக்குழாய்) போட விடமாட்டேன் என்கிறார்கள், குளிப்பாட்டச் சொல்கிறார்கள், சம்பளமும் குறைவு என்று மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துச் சொன்னாய். மூன்றும் ஒன்றல்ல. சம்பளம் பற்றிய வருத்தம் நியாயம். கவுன்சிலில் பதிவாகும் வரை நர்ஸுக்கான சம்பளப் படியான பேண்ட் ஐந்து கிடையாது, மூன்றோ நாலோதான் தருகிறார்கள் என்றால், எட்டு வருஷத்தைக் கீழே வைத்துவிட்டு நிற்கிற மாதிரிதான் இருக்கும். அதை நான் பூசி மெழுகப் போவதில்லை. வென்ஃப்ளான் கதை வேறு. அங்கேயே படித்த பெண்களும் அதற்குத் தனியாகப் பயிற்சி எடுத்து, ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் போடுகிறார்கள். உன்னை மட்டும் ஒதுக்கவில்லை. குளிப்பாட்டுவது பற்றி நீ முகத்தைச் சுளித்தது எனக்குப் பிடிக்கவில்லை. இங்கே அதைக் கூட இருக்கிற சொந்தக்காரர்கள் செய்ததால் நாம் தப்பித்தோம். படுக்கைப் புண் வரப்போகிறதா, முதுகுப் பக்கம், குதிகால், இடுப்பெலும்பு இதெல்லாம் சிவந்திருக்கிறதா, அழுத்தினால் சிவப்பு மறைகிறதா என்று துடைக்கிறவளுக்குத்தான் முதலில் தெரியும். கறுத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. சூட்டையும் இறுக்கத்தையும் கையால் தொட்டுத்தான் பார்க்க வேண்டும். அது உனக்குத் தெரியும், உன் வார்டில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று பார்.

ஏஜென்ட் விஷயம். 'ப்ராசஸிங்' என்று அவன் வாங்கியதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. வேலை தேடித் தருவதற்கு நர்ஸிடம் பணம் வாங்கக் கூடாது என்று அந்த நாட்டு விதியிலேயே இருக்கிறது. அப்பா ரசீதுகளை எடுத்துத் தனிக் கவரில் வைத்திருக்கிறார். அதை அவரிடம் விட்டுவிடு. ஒப்பந்தத்தில் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டும் என்று போட்டிருக்கிறார்களே, அது எதற்கு எவ்வளவு, மாதம் ஆக ஆகக் குறைகிறதா என்று மனிதவளத் துறையிடம் எழுத்தில் கேட்டு வாங்கு. யூனியனில் சேர்ந்தவர்கள் யாராவது இருந்தால் அவர்களிடமும் காட்டு. தொகை தெரியாமல் இருப்பதால்தான் உனக்குத் தூக்கம் வரவில்லை என்று நினைக்கிறேன்.

வேலையை விட்டுவிட்டு வேறு இடம் பார்க்கலாம் என்று மாப்பிள்ளை சொன்னாராம். அவர் உன்மேல் உள்ள அக்கறையில் சொல்கிறார். ஆனால் உன் விசா இந்த வேலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. புது இடத்துக்காரர் ஸ்பான்சர் செய்து, விசாவை மாற்றி, அதற்கெல்லாம் ஆகிற நேரத்தில் நீ இந்த இரண்டு ஸ்டேஷனை முடித்துவிடலாம். ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் ரைட்டிங்கில் ஆறரை வாங்க நீ பட்ட பாட்டைவிடவா இது? அந்த ஊர் கவுன்சிலுக்கு நம்ம தமிழ்நாட்டு நர்ஸ் கவுன்சிலே உன் பதிவை நேரடியாக உறுதி செய்து அனுப்ப வேண்டும் என்று அப்பா சாந்தோம் ஹைரோட்டில் வெயிலில் நின்றாரே, அவரிடம் கேட்டால் ஆஸ்கி ஒன்றுமே இல்லை என்பார். 1926இல் சட்டம் போட்டு ஏற்படுத்திய கவுன்சில், அந்தக் காலத்து வேகத்திலேயே இருக்கிறது என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

தேதி வந்ததும் அனுப்பு. அதற்கு முன்னால் வருகிற ஞாயிறுகளில் வீடியோவில் கூப்பிடு. உனக்குக் காலை பத்து மணி என்றால் இங்கே சாயங்காலம் மூன்றரை, கடிகாரத்தை மாற்றிவிட்டார்கள் என்றால் இரண்டரை, எப்படியும் நான் சும்மாதான் இருப்பேன். கட்டிலில் படுத்துக்கொள்கிறேன். அப்பா கையில் பேப்பரை வைத்துக்கொண்டு மார்க் போடுவார், அவர் எவ்வளவு கறார் என்று உனக்கே தெரியும். என் பெயர் தெரியும், பிறந்த தேதி தெரியும் என்று கேட்காமல் விட்டாயானால் பூஜ்யம். நானும் நல்ல நோயாளியாக இருக்க மாட்டேன். சல்ஃபா மருந்து எனக்கு ஆகாது, நீ கேட்காத வரைக்கும் சொல்ல மாட்டேன்.

அம்மா
பாளையங்கோட்டை