சாய்தளம் முடியும் இடத்தில் மணல்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாமல்லபுரத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான வசதி என்றாலே பேச்சு நுழைவாயில் சாய்தளத்தோடு நின்றுவிடுகிறது. சிக்கல் அதற்கு அப்பால்தான். ஐந்து ரதங்களைச் சுற்றிக் கிடப்பது மணல். சக்கர நாற்காலியின் முன்சக்கரங்கள் சிறியவை. மணலில் உடனே புதையும், பின்னாலிருந்து தள்ளத் தள்ள இன்னும் ஆழமாக இறங்கும். நாற்காலியைத் திருப்பி, பெரிய சக்கரம் முன்னே வரும்படி இழுத்துப் போகலாம். ரதம் பார்க்க வந்தவர் ரதத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகவேண்டும், அவ்வளவுதான்!

பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் தோண்டவோ பாறையில் துளையிடவோ கூடாது. எனவே மணல்மேல் பரப்பி, வேண்டும்போது கழற்றி எடுக்கக்கூடிய பாதைதான் பொருந்தும். இரண்டு நாற்காலிகள் எதிரெதிரே கடக்க 1.8 மீட்டர் அகலம் வேண்டும். பலகை இடைவெளி 12 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. இடைவெளிகள் போகும் திசைக்குக் குறுக்காக இருக்கவேண்டும், நெடுக்காக இருந்தால் சக்கரமும் ஊன்றுகோலும் மாட்டிக்கொள்ளும். உப்புக்காற்றில் சாதாரண இரும்பில் முதலில் துருப்பிடிப்பது போல்ட்டுகள்தான். கண்ணாடியிழைப் பலகையும் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டும் தாங்கும். மெரினாவில் 2022 நவம்பரில் திறந்த மரப்பாதை அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமடைந்தது. புயல் எச்சரிக்கை வந்ததும் துண்டு துண்டாகக் கழற்ற முடிகிறதா என்பதை ஒப்பந்தத்திலேயே கேட்கவேண்டும். காற்றில் வந்து சேரும் மணலைத் தினமும் பெருக்கும் பொறுப்பும் அதில் எழுதப்படவேண்டும். இல்லாவிட்டால் சில வாரங்களில் பாதையும் மணலாகிவிடும்.

சாய்தளச் சரிவு 1:12. அதாவது 45 செ.மீ. உயரம் ஏற 5.4 மீட்டர் நீளம். இடமில்லை என்று இதைப் பாதியாகக் குறைத்தால் ஏறும்போது நாற்காலி பின்பக்கம் கவிழக்கூடும்.

பார்வையற்றோருக்கு இங்கே செய்யக்கூடியது வேறு எங்கும் இவ்வளவு எளிதாக அமையாது. ஏற்கெனவே உப்பு அரித்துவரும் சிற்பங்களை எல்லோரும் தடவிப் பார்க்க விட முடியாது. ஆனால் கல்தச்சர்கள் அதே ஊரில் இருக்கிறார்கள். அருச்சுனன் தபசின் சிறு நகலை மேசை உயரத்தில் செதுக்கிவைக்கட்டும். பெரிய யானை, நடுப்பிளவில் நாகங்கள், ஒற்றைக்கால் தவசி, தவம் செய்யும் பூனை எல்லாம் விரலுக்குத் தட்டுப்படும் புடைப்பில் இருக்கவேண்டும். நிழலில் வைக்கவேண்டும், வெயிலில் கருங்கல்லைத் தொட முடியாது. பக்கத்தில் தமிழ் பிரெய்லில் விளக்கம். தயவுசெய்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள்.

கழிப்பறைக்குள் நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் விட்டம், கதவில் 90 செ.மீ. திறப்பு. கட்டிய பிறகு பல இடங்களில் அது துடைப்பமும் வாளியும் வைக்கும் அறையாகிவிடுகிறது. பூட்டித்தான் வைக்கவேண்டுமென்றால் சாவி யாரிடம் என்பதைக் கதவிலேயே எழுதிவைக்கலாம்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அதன் விதிகள் வெளியான நாளிலிருந்து பழைய பொதுக் கட்டடங்களுக்குக் கொடுத்த 5 ஆண்டு அவகாசம் 2022 ஜூனிலேயே முடிந்துவிட்டது. தொல்லியல் துறை அடுத்த ஒப்பந்தப்புள்ளியில் வாகன நிறுத்தத்திலிருந்து ரதங்கள் வரையிலான முழு வழியையும் ஒரே வேலையாகச் சேர்க்கவேண்டும்.

இப்படிக்கு,
கட்டடப் பொறியாளர் ஒருவர்,
செங்கல்பட்டு