மகளுக்கு, களியக்காவிளையிலிருந்து

அன்புள்ள மகளுக்கு,

இங்கு அனைவரும் நலம். அம்மாவின் முட்டுவலி குறைந்திருக்கிறது. மற்ற ஊர்ச் செய்திகளை அவளே தொலைபேசியில் சொல்லுவாள். நான் எழுத வந்தது உன் நாவலைப் பற்றி.

நீ அனுப்பிய இரண்டு பிரதிகளில் ஒன்றை நூலகத்துக்குக் கொடுத்துவிட்டு, மற்றதை இரண்டாம் முறையாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ரப்பர் பால்வெட்டுக்காரர் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு விடியுமுன் தோட்டத்தில் இறங்குவதையும், முந்தைய வெட்டில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலை விரலால் கிழித்தெடுத்துக் கூடைக்குள் போட்டுவிட்டு, அதே கோட்டுக்குக் கீழே மெல்லிய சீவலாகப் பட்டை எடுப்பதையும் நீ எழுதியிருக்கும் இரண்டு பக்கங்கள் என்னை வியக்க வைத்தன. தோட்டத்துக்கு வரச் சொன்னால் கொசு கடிக்கிறது என்று அழுதவள், இதையெல்லாம் எப்போது பார்த்தாய்?

பின்னட்டைக் குறிப்பில் மட்டும் எனக்கு ஒரு குறை. ஊர் இருக்கிறது, படிப்பு இருக்கிறது, பரிசு பெற்ற கதை இருக்கிறது. பார்க்கும் வேலையைக் காணவில்லை. பதிப்பாளர் இடம் போதாமல் விட்டிருப்பார் என்று உன் சித்தப்பாவிடம் சொன்னேன். வேலையைச் சொல்லிக்கொள்வதில் எழுத்தாளருக்கு என்ன குறைச்சல் வந்துவிடப்போகிறது? நம் பக்கத்து எழுத்தாளர்கள் யாரும் அதை ஒளித்ததில்லை. ஆ. மாதவன் திருவனந்தபுரத்தில் சாலைக் கம்போளம் என்னும் கடைத்தெருவில் பாத்திரக் கடை நடத்தினார். அந்தத் தெருவின் மனிதர்கள் அவருடைய கதைகளுக்குள் வந்து சேர்ந்ததே அவர் கடையில் உட்கார்ந்திருந்ததால்தான். 2015இல் சாகித்திய அகாதெமி விருது அவரைத் தேடி வந்தபோது எண்பது வயதைக் கடந்திருந்தார். நீல. பத்மநாபன் கேரள மின்வாரியத்தில் பொறியாளராக இருந்துகொண்டே எழுதியவர். 'தலைமுறைகள்' 1968இல் வெளிவந்தபோது அவருக்கு முப்பது வயதுதான். சுந்தர ராமசாமிக்கு நாகர்கோவிலில் ஜவுளிக் கடை இருந்தது. 'சாய்வு நாற்காலி'க்காக 1997இல் அகாதெமி விருது பெற்ற தோப்பில் முஹம்மது மீரான் மிளகாய் வற்றல் வியாபாரி. வற்றல் மூட்டைகள் அவருடைய எழுத்துக்குக் குறுக்கே வந்து நின்றதாக நான் எங்கும் படித்ததில்லை.

சென்ற வாரம் உன் கைப்பேசியில் பதில் வராததால் அலுவலக எண்ணுக்கு அழைத்தேன். வேறொரு பெண் எடுத்து, உன் இருக்கையில் இப்போது தான்தான் இருப்பதாகச் சொன்னாள். தவறான எண்ணுக்கு அழைத்துவிட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். மரியாதையாகப் பேசினாள்.

நாவலின் விலை 250 ரூபாய் என்று போட்டிருக்கிறது. 1,200 பிரதிகள் அச்சடித்து அரசின் நூலகக் கொள்முதல் ஆணைக்குக் காத்திருந்த காலம் போய், இப்போது முந்நூறு பிரதிகளே பெரிது என்று ஆகிவிட்டது. வழக்கமான பத்து விழுக்காடு உரிமைத்தொகையை வைத்துக் கணக்குப் போட்டேன்: முந்நூறும் விற்றுத் தீர்ந்தால் உனக்கு 7,500 ரூபாய். சென்னையில் நீ கொடுக்கும் ஒரு மாத வாடகையில் பாதிக்குக்கூட அது காணாது. பதிப்பகத்துக்கு நீ கைப்பணம் ஏதும் கொடுத்தாயா என்று சித்தப்பா கேட்டார்; என் மகள் கொடுத்திருக்க மாட்டாள் என்று சொல்லிவிட்டேன். நந்தனம் புத்தகக் காட்சியில் நீ கையெழுத்துப் போடும் படத்தை அண்ணன் காட்டியபோது, வரிசையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பார்க்க அம்மா படத்தைப் பெரிதாக்கச் சொன்னாள். நானும் எட்டிப் பார்த்தேன்.

நீ புதுமைப்பித்தனைச் சொல்லுவாய். பத்திரிகை வேலைகளை உதறியவர், சினிமாவை நம்பிப் போனவர், காசநோயோடு நம் திருவனந்தபுரத்துக்கு வந்து 1948இல் நாற்பத்திரண்டு வயதில் இறந்தார். அவருடைய கதையைப் பாடம் நடத்திய ஆண்டுகளில் எல்லாம் அந்தக் கடைசி மாதங்களை மட்டும் விரைவாகக் கடந்துவிடுவேன். வகுப்பில் எழுத ஆசைப்படும் பிள்ளை ஒன்று இருந்து, அதையும் ஒரு பெருமையாக எடுத்துக்கொண்டுவிடுமோ என்ற பயம். வீட்டில் இருந்த பிள்ளையை அப்போது நான் நினைக்கவில்லை.

வேலை இருக்கட்டும், மக்களே. நீ எழுதுவதற்கு நான் எந்நாளும் குறுக்கே நின்றதில்லை. வேலையும் கூடவே இருக்கட்டும் என்றுதான் சொல்கிறேன். விடிகாலையில் இரண்டு மணி நேரம் எழுதலாம். உன் நாவலில் வருகிறவர்கூட வெயில் ஏறுமுன் பால்வெட்டை முடித்துவிட்டு வேறு வேலைக்குப் போகிறார் அல்லவா? அடுத்த நாவல் மெதுவாக வந்தால் யாரும் உன்னைக் குறை சொல்லப்போவதில்லை. வேலை இருக்கட்டும்.

விஷுவுக்கு நீ வருவாய் என்று அம்மா காத்திருக்கிறாள். அனந்தபுரி ரயிலில் ஏறிக் குழித்துறையில் இறங்கு. எந்த நாள் என்று சொன்னால் பயணச்சீட்டை நானே எடுத்து அனுப்புகிறேன். உன் ஆயுள் காப்பீட்டுத் தவணைக்கு இந்த மாதம் கடைசி நாள் இருந்தது. மார்த்தாண்டம் போனபோது கட்டிவிட்டேன். ரசீதை இத்துடன் வைத்திருக்கிறேன். அடுத்த தவணையையும் நானே கட்டுகிறேன், அதற்காக நீ எனக்குப் பணம் ஒன்றும் அனுப்ப வேண்டாம்.

அன்புடன்,
அப்பா