கொல்லைக்கு அரை யூனிட் வண்டல்: நம் ஊர் கிராம சபைக்கு ஒரு திறந்த மடல்

மே 1 கிராம சபைக்கு வரும் பெரியவர்களுக்கும் அக்கா தங்கைகளுக்கும் வணக்கம்.

நான் கேட்பது ஒன்றுதான். இந்தக் கோடையில் குளத்தில் வண்டல் எடுக்கும்போது, வயல் இல்லாத வீடுகளுக்கும் கொல்லையில் மேட்டுப்பாத்தி போட அரை யூனிட் (50 கன அடி) கொடுக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டு வட்டாட்சியருக்கு அனுப்புங்கள். பட்டா உள்ளவர்கள் வண்டலை வயலுக்கு ஏற்றிப் போகிறார்கள், நல்லதுதான். ஆனால் நாலு சென்ட் கொல்லை மட்டும் வைத்திருப்பவர்களும் காய்கறி தின்கிறவர்கள்தானே?

நம்முடையது வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடைக் களிமண். சித்திரையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், ஐப்பசியில் வைத்த காலை விடாது. ஆடிப்பட்டத்தில் விதைத்த கத்தரி காய்க்கத் தொடங்கும்போதுதான் அடைமழை பிடிக்கிறது. மூன்று நாள் தண்ணீர் நின்றால் போதும், செடி துவண்டுவிடும். பிடுங்கிப் பார்த்தால் வேர் பழுத்து, தோல் தனியாக உருவிக்கொண்டு வரும். பல வருடம் இதைப் பார்த்துவிட்டு, ஒட்டன்சத்திரத்திலிருந்து வரும் காயைத்தான் வாங்கிக்கொண்டிருந்தேன்.

2018 நவம்பர் கஜா புயலில் எங்கள் கொல்லையில் நாலு தென்னை சாய்ந்தது. மரத்தை வாங்க ஆள் இல்லை. துண்டு போட்டு, எட்டடி நீளம் நாலடி அகலத்துக்கு, ஒன்றரை அடி உயரமாகச் சுற்றிலும் வரப்பு மாதிரி அடுக்கினேன். அதற்குள்ளே அடியில் காய்ந்த வாழைச்சருகும் வைக்கோலும், அதன்மேல் வாய்க்கால் தூர் வாரிக் கரையில் போட்ட வண்டலும் மக்கிய எருவும் சரிபாதி. வண்டல் மட்டும் போட்டால் காய்ந்ததும் ஓடு மாதிரி இறுகிவிடும். அகலம் நாலடியைத் தாண்ட வேண்டாம். இரண்டு பக்கமும் நின்று கை எட்ட வேண்டும், பாத்தியை மிதிக்கவே கூடாது. அடுத்த ஐப்பசியில் கொல்லை முழுக்கக் கணுக்கால் தண்ணீர். அதில் நின்றுகொண்டுதான் கத்தரிக்காய் பறித்தேன். அந்தக் காயின் காம்பு முள் குத்தியதுகூட எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தென்னை மரம் சில வருடத்தில் மக்கிவிட்டது, இப்போது பழைய செங்கல் அடுக்கியிருக்கிறேன்.

கணக்கும் சொல்லிவிடுகிறேன். ஒரு பாத்தி 48 கன அடி. அதில் வண்டல் பாதிக்கும் குறைவு. ஒரு யூனிட் 100 கன அடி என்றால் நாலு பாத்திக்கு வரும். அரை யூனிட் இருந்தால் ஒரு வீட்டில் ஒன்றில் கத்தரி, மிளகாய், இன்னொன்றில் வெண்டை, கீரை என்று வைத்துக்கொள்ளலாம். குளத்துக்கு இது பெரிய அளவே இல்லை.

ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, தண்ணீர் நம் வாய்க்காலுக்கு வந்து குளம் நிரம்பிவிட்டால் அப்புறம் அடுத்த கோடைதான். அதனால் இந்தக் கூட்டத்திலேயே முடிவு செய்யுங்கள். வேண்டும் என்கிற வீடுகளின் பெயரை எழுத நோட்டோடு நான் வருகிறேன். பாத்தி கட்டியவர்களுக்கு ஆவணியில் கத்தரி நாற்று என் கொல்லையிலிருந்து தருகிறேன்.

இப்படிக்கு,
மேலத்தெருவிலிருந்து உங்களில் ஒருத்தி