முகாமுக்கு முன்னால் நாலு வரி போடுங்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் எங்கள் ஊர் அரிமா சங்கம் நடத்திய இலவசக் கண் சிகிச்சை முகாம் பற்றிய செய்தி படத்தோடு வந்திருந்தது. மிக்க நன்றி. படத்தில் பதினோரு பேர் நிற்கிறோம், இடது ஓரத்தில் நிற்பவள் நான். பதினோரு பேருடைய பெயரும் பிழையில்லாமல் வந்திருந்தது. முகாமுக்கு வந்த நோயாளி ஒருவர்கூடப் படத்தில் இல்லை. அதற்கு உங்கள் நிருபரைக் குறை சொல்ல முடியாது, பொன்னாடையோடு வரிசையாக நின்றது நாங்கள்தான். ஆனால் முகாம் நடக்கப் போகிறது என்று பத்து நாளைக்கு முன்பே எழுதிக் கொடுத்தனுப்பிய நாலு வரி அறிவிப்பு கடைசிவரை வரவில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

செய்தி வந்த அன்று காலை பத்து மணிக்கு ஒருவர் பேப்பரைக் கையில் மடித்துப் பிடித்தபடி என் வீட்டுக்கு வந்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கிராமம். டூவீலரில் பின்னால் அவருடைய அம்மா. "டீச்சர், இந்த முகாம் எங்க நடக்குது? அம்மாவைக் கூட்டிட்டு வந்துட்டேன்" என்றார். முடிந்துவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உள்ளே உட்காரவைத்துக் காப்பி கொடுத்தேன். அந்த அம்மா டம்ளரை நேராகப் பார்த்து எடுக்கவில்லை. மேசை விளிம்பைத் தொட்டு, அங்கிருந்து விரலை நகர்த்திக்கொண்டே போய், டம்ளரின் சூடு பட்ட இடத்தில் நிறுத்தி, அப்புறம்தான் பிடித்தார். இரண்டு கண்ணிலும் பாப்பா வெளுத்துக் கிடந்தது. ஒன்றரை வருடமாக இப்படித்தான் என்றார் மகன். எங்கள் அடுத்த முகாம் மூன்று மாதம் கழித்து. ஆஸ்பத்திரிக்கு நேராகவே போகலாம் என்று வழி சொல்லி அனுப்பினேன். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் போவாரா என்று தெரியவில்லை. அறிவிப்பு வந்திருந்தால் அந்த அம்மா அந்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறியிருப்பார்.

இந்த முகாம்கள் எப்படி நடக்கின்றன என்று வாசகர்கள் பலருக்குத் தெரியாது, அதனால் கொஞ்சம் சொல்கிறேன். கண் ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர்களும் செவிலியர்களும் காலையிலேயே வந்துவிடுவார்கள். பள்ளிக்கூட வகுப்பறைகளில்தான் பரிசோதனை. படிக்கத் தெரியாதவர்களுக்கு ஆங்கில 'ஈ' எழுத்தைப் பல பக்கமாகத் திருப்பி எழுதிய அட்டை. அதன் கால்கள் எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கின்றனவோ அந்தப் பக்கம் கையைக் காட்ட வேண்டும். பிறகு கண் அழுத்தம், ரத்த அழுத்தம், சர்க்கரை. புரை முற்றியவர்களை அன்றைக்கே பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், ஆபரேஷன் முடித்து லென்ஸ் வைத்து, திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். நோயாளிக்கு ஒரு பைசா செலவில்லை. ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனை.

இதில் சங்கத்தின் வேலை என்ன? வைத்தியம் முழுக்க அவர்கள் பொறுப்பு. ஆளைக் கொண்டுவந்து சேர்ப்பது எங்கள் பொறுப்பு. மைக் கட்டின ஆட்டோ, நோட்டீஸ், பந்தல், நாற்காலி, எல்லோருக்கும் மதியச் சாப்பாடு என்று செலவு ஒரு பக்கம். அதைவிடப் பெரிய வேலை, வீடு வீடாகப் போய் உட்கார்ந்து பேசுவது. ஆட்டை யார் பார்ப்பது, பேரப்பிள்ளையை யார் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துவருவது, அறுப்பு முடியட்டுமே, கண்ணைத் தோண்டி எடுத்துவிடுவார்களாமே என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காரணம் இருக்கும். எல்லாமே நியாயமான காரணங்கள்தான், அந்தப் பயம் உட்பட. வயதான பெண்கள் துணைக்கு இன்னொரு பெண் வந்தால் உடனே கிளம்பிவிடுகிறார்கள். அரிமா சங்கங்களில் பெண்களை உறுப்பினராகச் சேர்க்க 1987-இல்தான் விதி மாறியது. எங்கள் சங்கத்தில் இன்று நாங்கள் ஆறு பெண்கள் இருக்கிறோம். பஸ்ஸில் கூடப் போவது எங்கள் ஆறு பேரில் யாராவது ஒருவர்தான்.

பணம் எங்கிருந்து வருகிறது என்று சிலர் முகத்துக்கு நேராகவே கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான், இந்த வருடப் பொருளாளர் என்ற முறையில் பதில் சொல்கிறேன். எங்களுக்கு இரண்டு கணக்குகள் உண்டு. உறுப்பினர் சந்தா நிர்வாகக் கணக்குக்குப் போகும். கூட்டச் செலவு, மாலை, பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் அதிலிருந்துதான். பொதுமக்களிடம் வாங்கும் ஒவ்வொரு ரூபாயும் சேவைக் கணக்குக்குப் போகும், அது திரும்பப் பொதுமக்களுக்கே செலவாக வேண்டும். எங்கள் இயக்கத்தின் விதியே அதுதான். பொன்னாடை எங்கள் சொந்தப் பணம்தான் என்றாலும் அதைக் குறைக்க வேண்டும் என்று கூட்டத்தில் நான் பேசியிருக்கிறேன், இனியும் பேசுவேன்.

சேவைக் கணக்குக்கு நன்கொடை ரசீது போட்டு வாங்குவது பாதி. மீதியில் பெரும்பகுதி பழைய பேப்பர். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு காலையில் உறுப்பினர் ஒருவருடைய டாட்டா ஏஸ் வண்டி தெருத் தெருவாகப் போகும். பிளஸ் டூ பையன்கள் நாலைந்து பேர் பின்னால் ஏறிக்கொள்வார்கள். வீடுகளில் ஒரு மாதப் பேப்பரைச் சணல் போட்டுக் கட்டி, திண்ணையில் தயாராக வைத்திருப்பார்கள். வாடகை வீட்டில் தனியாக இருக்கும் பாட்டி ஒருவர் பேப்பர் வாங்குவதில்லை. ஆனால் மளிகை சாமான் கட்டி வந்த தாள்களை நீவி நீவி மடித்து, ஒரு கட்டாக வைத்துக்கொண்டு எங்களுக்காக வாசலில் நிற்பார். கடையில் எடை போட்டால் அது அரைக் கிலோகூடத் தேறாது. அந்தக் கட்டை மட்டும் பையன்கள் வண்டியில் வீசமாட்டார்கள், கையில் வாங்கி வைப்பார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எங்களுக்குச் சேரும் கட்டுகளில் பாதிக்கு மேல் உங்கள் நாளிதழ்தான். ஆட்டோ மைக் செலவு முழுவதும் அதிலிருந்தே வருகிறது.

சிகாகோவில் 1917-இல் தொடங்கிய இயக்கம் எங்களுடையது. 1925-இல் ஓஹையோ மாநிலத்தில் நடந்த மாநாட்டுக்கு வந்து, பார்வையற்றோருக்காக உழையுங்கள் என்று ஹெலன் கெல்லர் கேட்டுக்கொண்டார். அதிலிருந்து கண் சம்பந்தமான பணி எங்களுக்கு முதன்மையாகிவிட்டது. நம் பக்கத்தில் அந்த வேலைக்கு உயிர் கொடுத்தவர் டாக்டர் ஜி. வெங்கடசாமி. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போயிருந்தும், அரசுப் பணியில் ஓய்வுபெற்ற பிறகு 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். எங்கள் பாட்டி காலத்தில் புரையை எடுத்துவிட்டு சோடாபுட்டிக் கண்ணாடி போட்டு அனுப்புவார்கள். அது உடைந்தால் போயிற்று. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை 1992-இலிருந்து மதுரையிலேயே செய்ய ஆரம்பித்த பிறகு விலை இறங்கி, ஏழைகளுக்கும் அது கிடைத்தது. டாக்டர் இருக்கிறார், லென்ஸ் இருக்கிறது, பஸ்ஸும் வருகிறது. ஆள் வருவதுதான் குறைச்சல். தென்தமிழகக் கிராமங்களில் எடுக்கப்பட்டு 1999-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கண்ணில் கோளாறு இருந்தவர்களில் முகாமுக்குப் போனவர்கள் நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை. அதற்குப் பிறகு நிலைமை எவ்வளவோ மாறியிருக்கும். ஆனாலும் அன்று டூவீலரில் வந்த அம்மாவைப் பார்த்தபோது அந்த ஏழுதான் ஞாபகம் வந்தது.

என் வேண்டுகோள் இவ்வளவுதான். முகாம் முடிந்த பிறகு எங்கள் படத்தைப் போடாவிட்டால் பரவாயில்லை. அந்த இடத்தை முகாமுக்கு முந்தின வாரம், இரண்டு முறை, அறிவிப்புக்குக் கொடுங்கள். எங்களுக்கு மட்டும் வேண்டாம். ரோட்டரி, கோயில் அறக்கட்டளை, ரசிகர் மன்றம் என்று யார் நடத்தினாலும், கண் முகாமோ ரத்த தான முகாமோ, "இந்த வார முகாம்கள்" என்று ஒரு சின்னக் கட்டம். எந்த நாள், எந்தப் பள்ளிக்கூடம், எத்தனை மணிக்கு, எந்த பஸ் அங்கே நிற்கும் என்று இருந்தால் போதும். ஆதார் நகல், வீட்டார் ஒருவரின் செல்போன் எண், மாற்றுத்துணி, தினமும் சாப்பிடும் மாத்திரை இவற்றைக் கொண்டுவரச் சொல்லி ஒரு வரி. மாத்திரையை மறந்து வந்து, சர்க்கரை கூடிப்போய்த் திரும்பிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். முடிந்தால் மறுபரிசோதனைத் தேதியையும் போடுங்கள். ஆபரேஷன் முடிந்து கண் தெரிந்துவிட்டால் பலர் அதற்கு வருவதில்லை. கண்ணாடி அளவு பார்ப்பதும், உள்ளே சீழ் கீழ் இருக்கிறதா என்று பார்ப்பதும் அன்றைக்குத்தான்.

கிராமத்தில் பெரியவர்கள் பேப்பரைப் படிக்காவிட்டாலும் டீக்கடையில் ஒருவர் படிக்க நாலு பேர் கேட்கிறார்கள். ஆட்டோ மைக் ஒரு தடவை கத்திக்கொண்டு போய்விடும். பேப்பரில் வந்தது கடை மேசையில் சாயந்திரம் வரை கிடக்கும், கிழித்து மடியில் வைத்துக்கொள்ளலாம். அந்த மகன்கூட உங்கள் பேப்பரைப் பார்த்துத்தானே வந்தார்!

எங்கள் அடுத்த முகாமின் அறிவிப்பை இத்துடன் இணைத்திருக்கிறேன். நாலு வரிதான். அந்த அம்மாவின் வீட்டுக்கு நானே நேரில் போய்ச் சொல்லிவிடுவேன். மற்ற வீடுகள் எவை என்று எனக்குத் தெரியாது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற ஆசிரியை, தேனி மாவட்டம்.