சங்கத்தில் நாங்களும் இருக்கிறோம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் மகளிர் தினப் பக்கங்களைப் படித்தேன். வரதட்சணை, சமக்கூலி, குடியால் சீரழியும் வீடுகள் எல்லாம் இருந்தன. பெண்ணை நேசிக்கும் பெண்களைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

சுனாமிக்கு அடுத்த வருஷம் கடலூரில் ஒரு பெண்கள் சங்கத்தில் சேர்ந்தேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்து, பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தபோது, நானும் என் தோழியும் ஒரே வண்டியில் தார்ப்பாய்களைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனோம். "அக்கா தங்கச்சி மாதிரி இருக்கீங்க" என்பார்கள் சங்கத்தில். அப்படி இல்லை என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். யாரும் திட்டவில்லை. "வெளியே தெரிஞ்சா எந்த வீட்டுலயும் பொண்ணை சங்கத்துக்கு அனுப்ப மாட்டாங்கம்மா" என்றார் தலைவி. புருஷன் அடிக்கிறான் என்று வந்த பெண்களுக்காக நாங்கள் காவல் நிலையம் போனபோதும் ஊர் இதையேதான் சொன்னது. அதற்கெல்லாம் சங்கம் பின்வாங்கியதில்லையே.

இது நேற்று முளைத்த பேச்சும் இல்லை. 'இந்தியப் பெண், லெஸ்பியன்' என்று அட்டை பிடித்துப் பெண்கள் தில்லித் தெருவில் நின்றது 1998-இல். மதுரையிலிருந்து ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது 2021 ஜூனில். காணவில்லை என்று வரும் புகாரில் இருவரும் வயது வந்தவர்கள், விருப்பப்பட்டுத்தான் சேர்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு போலீஸ் புகாரை முடித்துவிட வேண்டும், தொந்தரவு செய்யக் கூடாது. அதன் நகல் என் பர்ஸில் எப்போதும் இருக்கும். மடிப்பில் கிழிந்து செலோடேப் ஒட்டியிருக்கிறேன்.

போன வருஷம் அப்படி ஒரு பெண்ணுக்காக ஒரு காவல் நிலைய பெஞ்சில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அவள் தன் தோழியின் துப்பட்டா நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு விடவே இல்லை. சங்கத்து அக்காக்கள் இரண்டு பேர் பிளாஸ்கில் டீயோடு வந்தார்கள். "சங்கம் பேரு மட்டும் வேணாம்" என்றார்கள். புகார் முடிந்தது. அன்று டீ கொண்டுவந்த கைகளை நான் மறக்க மாட்டேன். ஆனால் சங்கத்தின் பேனரோடு வந்திருந்தால் அந்தப் பெண் இன்னும் கொஞ்சம் தைரியமாக நிமிர்ந்திருப்பாள்.

இப்போது ஞாயிறு மதியங்களில் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டில் ஆறேழு பேர் கூடுகிறோம். ஒருவர் மாமியாரிடம் தையல் வகுப்பு என்று சொல்லிவிட்டு வருகிறார். வாடகை வீடு, வேலை, வக்கீல் என்று பேச்சு ஓடும். ராத்திரியில் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டு வருபவர்களுக்கென்று ஒரு பாயும் தலையணையும் தனியாக வைத்திருக்கிறோம். திருமணம் மட்டுமே குடும்பம் அமைக்கும் வழியில்லை என்று 2025 மே மாதம் உயர் நீதிமன்றமே சொன்னதே, அந்தத் தீர்ப்பையும் சேர்ந்து வாசித்தோம்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் இந்த ஞாயிறு கூட்டத்தைச் சங்கக் கட்டடத்திலேயே நடத்தத் தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். உங்கள் பக்கங்களிலும் எங்களைப் பற்றி எழுதுங்கள்.

என் பெயரை வெளியிட வேண்டாம். எனக்குப் பயமில்லை, தையல் வகுப்பு என்று சொல்லிவிட்டு வருகிறவருக்காகக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கடலூர்