புதிய துப்பாக்கியின் தரத்தைச் சோதிப்பது வாங்குபவரின் வேலையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். துப்பாக்கி சுடுதலை விளையாட்டாகப் பழகுவோருக்குப் பல ஆண்டுகளாகப் பயிற்சி அளித்து வருகிறேன். துப்பாக்கி யாரிடம் இருக்கலாம், யாரிடம் இருக்கக் கூடாது என்ற விவாதம் நாளிதழ்களில் அடிக்கடி இடம்பெறுகிறது. அது தேவையான விவாதம்தான். ஆனால் சட்டப்படி உரிமம் பெற்று ஒருவர் வாங்கும் புதிய துப்பாக்கி ஒழுங்காக இயங்கும் நிலையில் தொழிற்சாலையை விட்டு வெளியே வருகிறதா என்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதைப் பற்றி எழுதவே இக்கடிதம்.

புதிய துப்பாக்கியில் தோன்றும் கோளாறுகளை இரு வகையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். சுட வேண்டிய நேரத்தில் சுடாமல் போவது ஒன்று. தோட்டாக்கள் அடுக்கப்பட்ட மேகசினிலிருந்து தோட்டா, அது வெடிக்கும் அறையான சேம்பருக்குள் ஏறாமல் பாதி வழியில் சிக்கும். சுட்ட பின் வெற்றுக்கூடு வெளியே வராமல் நின்றுவிடும். தோட்டாவின் பின்புறத்தை அடிக்கும் ஊசியான ஃபயரிங் பின் போதிய வலுவுடன் அடிக்காததால், தோட்டாவைப் பற்றவைக்கும் ப்ரைமரில் மெல்லிய தழும்பு மட்டும் விழுந்து தோட்டா வெடிக்காமல் இருந்துவிடும். சுடக் கூடாத நேரத்தில் சுடுவது மற்றொன்று. கீழே விழுந்த அதிர்ச்சியிலோ, சேஃப்டி எனும் பாதுகாப்புத் தாழை விடுவிக்கும்போதோ, யாரும் ட்ரிகரைத் தொடாமலே தோட்டா வெடித்துவிடும். முதல் வகை எரிச்சலூட்டும்; பாதுகாப்புப் பணியில் இருப்பவருக்கு அது உயிருக்கும் ஆபத்தாகும். இரண்டாம் வகை, துப்பாக்கி வைத்திருப்பவரை மட்டுமன்றிப் பக்கத்தில் நிற்பவரையும் கொல்லக்கூடியது.

முதல் வகைக் கோளாறு குறித்துப் புகார் செய்பவருக்குக் கிடைக்கும் வழக்கமான பதில், “இன்னும் 200 தோட்டா சுட்டுப் பாருங்கள், 500 தோட்டா சுட்டுப் பாருங்கள், தானாகச் சரியாகிவிடும்” என்பதே. உராயும் பரப்புகள் மழமழப்பாவதற்கும் ஸ்பிரிங்குகள் தம் நிலைக்கு வருவதற்கும் சிறிது பயன்பாடு தேவை என்பதை மறுக்கவில்லை. ஆனால் வெற்றுக்கூட்டை இழுத்து வெளியேற்றும் எக்ஸ்ட்ராக்டரின் நுனியில் நீக்கப்படாமல் விட்ட பிசிறும், தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் மேகசின் உதடுகள் அளவு தவறியிருப்பதும், கரடுமுரடாகக் கடையப்பட்ட சேம்பரும் சுடச் சுடச் சரியாகிவிடும் என்று சொல்வது, தொழிற்சாலையின் கடைசி மேசையில் முடித்திருக்க வேண்டிய வேலையை வாங்குபவரின் தலையில் கட்டுவதாகும். என்னிடம் பயிலும் ஒருவர் புதிதாக வாங்கிய கைத்துப்பாக்கியில் வெற்றுக்கூடு அடிக்கடி சிக்கியது. தயாரிப்பாளரும் இதே பதிலைத்தான் சொன்னார். தேர்ந்த கம்மியர் ஒருவர் பிரித்துப் பார்த்தபோது, எக்ஸ்ட்ராக்டரின் கொக்கி வெற்றுக்கூட்டின் விளிம்பை முழுமையாகப் பற்றாத அளவுக்குக் குட்டையாக இருந்தது தெரிந்தது. எத்தனை தோட்டா சுட்டாலும் அது வளரப் போவதில்லை.

துப்பாக்கிகளைச் சோதித்து முத்திரை குத்தித்தானே விற்கிறார்கள் என்று வாசகர்கள் கேட்கலாம். அந்த முத்திரை எதைச் சொல்கிறது என்பதைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். துப்பாக்கியின் வலிமையைச் சோதிக்கும் மரபு பழமையானது. லண்டன் துப்பாக்கித் தயாரிப்பாளர் சங்கம் 1637-இல் அரச சாசனம் பெற்றது, பர்மிங்காம் சோதனைக்கூடம் 1813-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியாக நிறுவப்பட்டது, சி.ஐ.பி. எனப்படும், துப்பாக்கிச் சோதனைக்கான பன்னாட்டு ஆணையம் 1914-இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் தோன்றியது. அதன் உறுப்பு நாடுகளில் ஒவ்வொரு துப்பாக்கியும் விற்பனைக்கு முன்பு, வழக்கமான உச்ச அழுத்தத்தைவிட 25 முதல் 30 விழுக்காடு கூடுதல் அழுத்தம் தரும் தோட்டாவால் சோதிக்கப்படுகிறது. அமெரிக்காவிலோ இப்படிச் சோதிக்க வேண்டும் என்ற அரசுக் கட்டாயம்கூட இல்லை; தயாரிப்பாளர்களே தாமாகச் செய்துகொள்கிறார்கள். சோதனை எங்கே நடந்தாலும் அதன் முதன்மை நோக்கம், சுடும்போது குழலும் சேம்பரும் வெடித்துச் சிதறாது என்று உறுதிசெய்வதுதான். தோட்டா தடையின்றி ஏறி இறங்குமா, நூறாவது தோட்டாவும் முதல் தோட்டாவைப் போலவே வெடிக்குமா என்பதற்கு அந்த முத்திரை பொறுப்பேற்கவில்லை.

தொழிற்சாலையில் சில தோட்டாக்களைச் சுட்டுப் பார்த்து அனுப்புவதாகச் சொல்வது வழக்கம். அந்தச் சிலவற்றின் மதிப்பு என்ன என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நூறு தோட்டாவுக்கு ஒன்று சிக்கும் இயல்புடைய துப்பாக்கி ஒன்றை எடுத்துக்கொள்வோம். பாதுகாப்புப் பணிக்கு அது கொஞ்சமும் தகுதியற்றது. அதில் 5 தோட்டா சுட்டுச் சோதித்தால், எந்தச் சிக்கலும் இல்லாமல் தேறிவிட 95 விழுக்காடு வாய்ப்பு உண்டு. 20 தோட்டா சுட்டாலும் ஏறத்தாழ 82 விழுக்காடு வாய்ப்பு உண்டு. நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாகவே சிக்கும் என்று 95 விழுக்காடு உறுதியுடன் சொல்ல வேண்டுமானால், ஏறத்தாழ 300 தோட்டாக்களை ஒரு தடங்கலும் இன்றிச் சுட்டாக வேண்டும். ஒவ்வொரு துப்பாக்கியையும் அப்படிச் சோதிக்கச் சொல்வது நடைமுறைக்கு ஒவ்வாது என்பதை நானும் அறிவேன். அதனால்தான் முடிந்த பொருளைச் சுட்டுப் பார்ப்பதை நம்பியிராமல், ஒவ்வொரு பாகமும் உருவாகும் கட்டத்திலேயே அளவும் கடினத்தன்மையும் சரிபார்க்கப்பட வேண்டும் என்கிறேன்.

இதற்குச் சான்றாக நூறாண்டுகளுக்கு முந்தைய நிகழ்வு ஒன்று உண்டு. அமெரிக்கப் படையின் ‘1903’ மாடல் ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிள்களில் சிலவற்றின் ரிசீவர்கள், அதாவது குழல் பொருத்தப்படும் உடற்பகுதிகள், 1917-இல் சுடும்போது நொறுங்கின. ஆராய்ந்தபோது, எஃகைக் காய்ச்சிய தொழிலாளர்கள் அதன் வெப்பத்தைக் கண்ணால் நிறம் பார்த்தே மதிப்பிட்டு வந்தது தெரியவந்தது. வெயில் நன்றாக அடிக்கும் நாளில் அதே நிறம் மங்கலாகத் தெரியும். மேகமூட்டமான நாளில் பளிச்சென்று தெரியும். இதனால் ஃபாரன்ஹீட் அளவில் 300 டிகிரி வரை வேறுபாடு ஏற்பட்டு, எஃகு கருகி நொறுங்கும் தன்மை அடைந்திருந்தது. அந்தத் தொழிலாளர்கள் கைதேர்ந்தவர்கள், அக்கறையற்றவர்கள் அல்லர். அவர்களிடம் வெப்பமானிதான் இல்லை. ஸ்பிரிங்ஃபீல்டு ஆலையில் வரிசை எண் 8,00,000-க்கும், ராக் ஐலண்ட் ஆலையில் 2,85,507-க்கும் கீழே உள்ள ரைஃபிள்களைச் சுட வேண்டாம் என்று இன்றளவும் எச்சரிக்கப்படுகிறது. பழுது எந்த எண்ணோடு முடிந்தது என்று ஒரு நூற்றாண்டு கழித்தும் ஏறத்தாழவாவது நம்மால் சொல்ல முடிவது வரிசை எண்கள் இருந்ததால்தான்.

கருவிகள் பெருகிய இந்தக் காலத்தில் இவ்வாறு நேராது என்று எண்ணிவிட முடியாது. ரெமிங்டன் நிறுவனம் 2014 ஏப்ரலில் தன் 700, செவன் ஆகிய மாடல் ரைஃபிள்களில் குறிப்பிட்ட வகை ட்ரிகர் பொருத்தப்பட்டவற்றைத் திரும்பப் பெற்றது. பாகங்களைப் பொருத்தும்போது பூசப்பட்ட ஒட்டுப் பசை சிலவற்றில் அளவுக்கு மிஞ்சிப் போனதால், ட்ரிகரை இழுக்காமலே சுடும் ஆபத்து இருந்தது. திரும்பப் பெறப்பட்டவை 2006 மே முதல் 2014 ஏப்ரல் வரை தயாரானவை. ஒரு துளிப் பசையில் நேர்ந்த பிழை ஏறத்தாழ எட்டு ஆண்டு உற்பத்தியைச் சந்தேகத்துக்கு உள்ளாக்கியது. அத்தனை ஆண்டுகளும் அந்த ரைஃபிள்கள் மக்களின் கைகளில் இருந்தன.

சோதனை முறைகளிலும் போதாமை உண்டு. கலிஃபோர்னியா மாநிலச் சட்டம், விற்பனைக்கு வரும் கைத்துப்பாக்கி மாடல் ஒவ்வொன்றிலும் மூன்றை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்கிறது. ஒவ்வொன்றும் 600 தோட்டா சுட வேண்டும். முதல் 20 தோட்டாவில் ஒரு தடங்கலும் இருக்கக் கூடாது. மொத்தத்தில் ஆறுக்கு மேல் கூடாது. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கான்கிரீட் மேல் விழச் செய்தாலும் வெடிக்கக் கூடாது. நான் அறிந்தவரை, சட்டமாக்கப்பட்ட செயல்திறன் சோதனைகளில் இது நல்ல முன்மாதிரி. ஆயினும் தேர்வுக்கு அனுப்பப்படும் அந்த மூன்று துப்பாக்கிகளைப் பொறுக்கி எடுப்பவர் தயாரிப்பாளர். நாற்பதாயிரமாவது துப்பாக்கியும் அவ்வாறே இருக்கும் என்பதற்கு அந்தச் சான்று போதாது. கீழே விழும் சோதனையும் வரையறுக்கப்பட்ட சில நிலைகளில்தான் நடக்கிறது. சிக் சாவர் நிறுவனத்தின் பி320 கைத்துப்பாக்கி அமெரிக்கத் தரநிலைகளை நிறைவு செய்ததாகவே விற்கப்பட்டது. ஆனால் வேறொரு கோணத்தில் பின்பகுதி தரையில் மோதும்படி விழுந்தால் சுடக்கூடும் என்பது 2017-இல் வெளிப்பட்டு, அந்நிறுவனம் ட்ரிகர் உள்ளிட்ட பாகங்களைக் கட்டணமின்றி மாற்றித் தர முன்வந்தது.

சோதித்த பொருளும் பயன்பாட்டுக்கு வந்த பொருளும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதும் அதே அளவு முக்கியம். வியட்நாம் போரில் எம்16 ரைஃபிள் அடைபட்டு வீரர்கள் உயிரிழந்ததை அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழு 1967-இல் விசாரித்தது. ஒரு வகை வெடிமருந்துடன் உருவாக்கப்பட்ட ரைஃபிளுக்கு, போதிய சோதனை இல்லாமலே வேறொரு வகை வெடிமருந்து நிரப்பிய தோட்டா வழங்கப்பட்டது. சேம்பருக்குக் குரோமியப் பூச்சு இல்லை. துப்புரவுக் கருவிகளும் போதிய அளவில் கொடுக்கப்படவில்லை. தனித்தனியே சிறியவையாகத் தோன்றிய முடிவுகள் ஈரமான காட்டில் ஒன்றுசேர்ந்து, வெற்றுக்கூட்டைச் சேம்பரிலேயே இறுகச் செய்தன.

தயாரிப்பாளர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. தரமற்ற தோட்டா, எண்ணெய் இடாத பாகங்கள், தளர்ந்த மணிக்கட்டுடன் பிடிக்கும் பழக்கம் ஆகியவற்றாலும் துப்பாக்கி சிக்கும். பயிற்சியில் நான் காணும் தடங்கல்களில் கணிசமானவை இவ்வகையைச் சேர்ந்தவையே. ஆனால் எது யாருடைய குறை என்று பிரித்தறிய ஒரு பதிவு வேண்டாமா? இந்தத் துப்பாக்கி இன்ன தேதியில், இன்ன தோட்டாவால், இத்தனை முறை சுடப்பட்டது, இன்ன அளவுகள் சரிபார்க்கப்பட்டன என்று வரிசை எண்ணுடன் கூடிய ஒரு தாள் பெட்டிக்குள் இருந்தால் பாதி வாக்குவாதம் அங்கேயே முடிந்துவிடும். அந்தத் தாளைத் தர மறுக்கும் நிறுவனம், வாங்குபவரின் பிடியைக் குறை சொல்லும் தகுதியை இழக்கிறது என்பது என் கருத்து.

விற்ற பிறகு நேர்வதுதான் எனக்கு மிகுந்த கவலை அளிக்கிறது. அமெரிக்காவில் 1972-ஆம் ஆண்டு நுகர்வோர் பொருள் பாதுகாப்புச் சட்டத்தின் வரம்பிலிருந்து துப்பாக்கிகள் விலக்கப்பட்டன. குழந்தைகளின் பொம்மையில் குறை இருந்தால் திரும்பப் பெறுமாறு உத்தரவிடக்கூடிய ஆணையம், ட்ரிகரைத் தொடாமலே சுடும் ரைஃபிளைத் திரும்பப் பெறுமாறு உத்தரவிட முடியாது. தயாரிப்பாளர் தாமாக முன்வர வேண்டும், அல்லது பாதிக்கப்பட்டவர் நீதிமன்றம் செல்ல வேண்டும். உலகின் மிகப் பெரிய துப்பாக்கிச் சந்தையில் நிலவும் இந்த இடைவெளி, அங்கிருந்து துப்பாக்கி வாங்கும் எல்லா நாட்டினரையும் பாதிக்கிறது. மேலும், துப்பாக்கியைப் பிற பொருள்களைப் போல உறையிலிட்டுத் திருப்பி அனுப்பிவிட முடியாது. உரிமம், அனுமதி, போக்குவரத்துக் கட்டுப்பாடு என்ற தடைகளைக் கண்டு, குறையுள்ள துப்பாக்கியை அப்படியே வைத்துக்கொள்வோர் பலர். இன்னொருவருக்கு விற்றுவிடுவோரும் உண்டு. கைமாறிய துப்பாக்கியின் புதிய உரிமையாளருக்குத் திரும்பப் பெறும் அறிவிப்பு போய்ச் சேர்வதில்லை.

ஆகவே எந்த நாட்டு அரசானாலும், துப்பாக்கிகளைத் திரும்பப் பெற ஆணையிடும் அதிகாரத்தை ஒரு பொது அமைப்பிடம் ஒப்படைக்க வேண்டும். மாடலுக்கு ஒருமுறை நடத்தும் சோதனையோடு நிறுத்தாமல், கிடங்கிலிருந்து அவ்வமைப்பே முன்னறிவிப்பின்றித் துப்பாக்கிகளை எடுத்து ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும். உரிமம் வழங்கும் அலுவலகத்தில் ஒவ்வொரு வரிசை எண்ணும் ஏற்கெனவே பதிவாகியுள்ள நாடுகளில், திரும்பப் பெறும் அறிவிப்பை அந்தப் பதிவின் வழியாகவே உரிமையாளருக்கு அனுப்பிவிடலாம். இதற்குப் புதிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. உத்தரவாதக் காலத்தில் திரும்பி வந்த துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மாடல்வாரியாக வெளியிடுமாறு தயாரிப்பாளர்களைக் கட்டாயப்படுத்தவும் வேண்டும்.

அதுவரை, புதிதாக வாங்குவோர் தங்கள் துப்பாக்கியின் வரிசை எண்ணைத் தயாரிப்பாளரிடம் பதிவு செய்துகொள்ளட்டும். முதல் சில நூறு தோட்டாக்களை, தோட்டாவின் வகை, தடங்கலின் தன்மை, எந்த மேகசின் என்ற விவரங்களுடன் குறிப்பேட்டில் எழுதி வைக்கட்டும். ட்ரிகரை இழுத்தும் வெடிக்காத தோட்டா தாமதமாக வெடிக்கக்கூடும். ஆகவே குழலைப் பாதுகாப்பான திசையில் குறைந்தது முப்பது நொடி பிடித்திருந்த பிறகே வெளியே எடுக்க வேண்டும். வழக்கத்தைவிட மெல்லிய ஓசை கேட்டால், குண்டு குழலுக்குள் தங்கியிருக்கிறதா என்று பார்க்காமல் அடுத்ததைச் சுடவே கூடாது. தொடாமலே சுட்ட துப்பாக்கியை உறுதிப்படுத்திக்கொள்வதற்காக மீண்டும் ஒருமுறை நிரப்பிப் பார்ப்பதோ, வீட்டில் பிரித்துச் சரிசெய்ய முயல்வதோ வேண்டாம். தோட்டாவை நீக்கி, பூட்டி வைத்து, எழுத்து மூலமாகத் தயாரிப்பாளருக்கும் உரிம அலுவலகத்துக்கும் தெரிவித்து, இருவரிடமும் ஒப்புகைச் சீட்டைப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
துப்பாக்கி சுடுதல் பயிற்சியாளர் ஒருவர்