காசை இப்போது அனுப்பாதே

இணுவில்
கார்த்திகை

மச்சான்,

நலம், நலமறிய ஆவல் எல்லாவற்றையும் நீயே போட்டு வாசித்துக்கொள். அம்மாவின் முழங்கால் இப்போது பரவாயில்லை, பெரியவள் கம்பஸ் போகத் தொடங்கிவிட்டாள், வாத்தி வழக்கம்போல ஊருக்கெல்லாம் புத்தி சொல்லிக்கொண்டு திரிகிறான். மூன்று மாதமாக உன் போனை எடுக்காததற்குக் காரணம் வெட்கம். இனி விஷயத்துக்கு வருகிறேன்: இரண்டாவது கறித்தூள் மில்லுக்கு என்று நீ ஒதுக்கி வைத்த காசை இப்போது அனுப்பாதே.

கோபிக்காமல் முழுக்க வாசி.

போன வருடம் வந்து நின்றபோது, மேசையில் கிடந்த, மில் கணக்கெழுதுகிற கொப்பி அண்ணையின் சிவப்புக் கொப்பிகளைப் பார்த்துச் சிரித்தாய். இதை வைத்துக்கொண்டா கனடாவுக்குத் தூள் ஏற்றப்போகிறாய் என்றாய். அது குத்திக்கொண்டே இருந்தது. பிறகு வாத்தி என்னை ஒரு கருத்தரங்குக்கு இழுத்துக்கொண்டு போனான். இங்கே இப்போது தொழில் வளர்ச்சிக் கருத்தரங்குக்குக் குறைவில்லை, மத்தியானச் சாப்பாடும் தருவார்கள். வந்தவர் கொடக் கதை சொன்னார். 1975 இல் அவர்களுடைய சொந்த எஞ்சினியரே டிஜிட்டல் கமராவைச் செய்துவிட்டார், கம்பனி பிலிமையே கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தது, 2012 இல் வங்குரோத்து. மாறாதவன் அழிந்தான், சாப்பிட வாருங்கள். எனக்கு அன்றிரவு நித்திரை இல்லை. அடுத்த நாள் கொப்பி அண்ணையைப் பார்க்க அவரும் ஒரு பிலிம் சுருள் மாதிரியே தெரிந்தார்.

உடனே ஒரு கொழும்புக் கம்பனியைப் பிடித்தேன். சரக்கு, கடன், ஓடர் எல்லாம் ஒரே மென்பொருளில், அதோடு வாட்ஸ்அப்பில் தானாகப் பதில் சொல்கிற செயற்கை நுண்ணறிவும் சேர்த்து. பங்குனிக்குள் முடிய வேண்டிய வேலை ஆடி வரை இழுபட்டது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், விலைப்பட்டியலை நான்தான் மூன்று தரம் மாற்றினேன். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது, இனிப் பொறுக்க ஏலாது, போடுங்கோ என்றவனும் நான்தான். நல்லூர் நேரம் எப்படி என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. வெளிநாட்டுச் சனம் முழுக்க இங்கே நிற்கும், போகும்போது ஆளுக்கு ஐந்து கிலோ, பத்துக் கிலோ என்று சூட்கேசில் அமுக்கிக்கொண்டு போகும். வருட வருமானத்தில் பாதி எனக்கு அந்த ஆறு கிழமைதான்.

முதல் நாள் வெறும் சிரிப்பு. லண்டனில் இருந்து வந்து நின்ற ஒரு அக்கா, ‘தம்பி, தூள் நல்ல உறைப்போ?’ என்று கேட்டு எழுதியிருக்கிறா. அதற்கு மெஷின் சொன்ன பதில்: ‘எங்கள் உறைகள் காற்றுப் புகாதவை, மூன்று அளவுகளில் கிடைக்கும்.’ பெரியவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன், அன்று மட்டும்.

இரண்டாம் நாளில் இருந்து ஓடர்கள் ‘கையிருப்பில் இல்லை’ என்று தானாகவே திரும்பத் தொடங்கின. தூளோ வேண்டிய மட்டும் கிடக்கிறது! என்னவென்றால், நெருக்கடி நேரத்தில் நாங்கள் பொதிகளை ஸ்டோருக்குள் மட்டும் வைப்பதில்லை. பெரியம்மா வீட்டு விறாந்தையில் 340 கிலோ, அப்பு படுத்திருந்த அறையில் கொஞ்சம், லொறிக்குள்ளேயே கொஞ்சம். எது எங்கே, எது எப்போது வறுத்தது என்று கொப்பி அண்ணையை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். மென்பொருளுக்கு ஸ்டோர் என்றால் ஸ்டோர்தான். பெரியம்மாவின் விறாந்தையைப் பற்றி அதற்கு ஒருத்தரும் சொல்லவில்லை.

அதைக்கூடத் தாங்கியிருப்பேன். வடமராட்சியில் ஒரு கடைக்காரர், அப்பு காலத்து வாடிக்கை. வெங்காயம் கிண்டினால்தான் அவருடைய ஊரில் காசு புழங்கும், அதனால் எப்போதும் இரண்டு மாதம் பிந்தித்தான் கட்டுவார், ஒரு சதம் குறையாது. நான் முப்பது நாள் தாண்டினால் சரக்கை நிறுத்து என்று மென்பொருளில் போட்டு வைத்திருந்தேன். அது நிறுத்தியது மட்டுமில்லை, நிலுவையைக் கட்டும்படி அவருக்கு மெசேஜும் அனுப்பிவிட்டது. மனுசன் கொளுத்துகிற வெயிலில் பஸ் ஏறி வந்தார். ஷொப்பிங் பைக்குள் காசு, ரப்பர் பாண்ட் போட்ட கட்டுக்கட்டாக. நான் வேண்டாம் வேண்டாம் என்கிறேன், அவர் விரலை நனைத்து நனைத்து எண்ணிக்கொண்டே இருக்கிறார். தேத்தண்ணி வந்தது, தொடவில்லை. படியிறங்கும்போது, ‘தம்பி, உங்கடை அப்பு எண்டால் ஆள் அனுப்பியிருப்பார்’ என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அவர் தூள் எடுக்கவில்லை. நான் இரண்டு தரம் போய் வந்துவிட்டேன். மரியாதையாகக் கதைக்கிறார், தூள் மட்டும் எடுக்கிறார் இல்லை.

இந்தக் கவலையோடு ஒரு இரவு போனைத் தோண்டிக்கொண்டிருந்தபோதுதான் ஹேர்ஷி கதை அகப்பட்டது. ஹலோவீனுக்கு நீ வாசலில் வைக்கிற சொக்லேட்டுக்காரர்கள்தான். 1999 இல் 11 கோடி டொலருக்கு மேல் கொட்டிப் புது மென்பொருள் போட்டிருக்கிறார்கள். நான்கு வருடம் எடுக்கும் என்று சொன்ன வேலையை இரண்டரை வருடத்தில் முடிக்கச் சொல்லி நெருக்கி, மூன்று தொகுதியை ஒரே நேரத்தில் பூட்டி, சித்திரையில் தொடங்க இருந்தது பிந்திப் பிந்தி ஆடியில்தான் தொடங்கியதாம். ஆடி என்றால் ஹலோவீன் ஓடர் குவியத் தொடங்குகிற நேரம். கிட்டத்தட்ட 10 கோடி டொலர் ஓடரை அனுப்ப முடியாமல் போனது, அந்தக் காலாண்டில் லாபம் 19 வீதம் விழுந்தது. என்னை எழுந்து உட்கார வைத்தது இதில்லை, மச்சான். அங்கேயும் சொக்லேட் இருந்ததாம்! நெருக்கடிக்கு என்று அங்கே இங்கே வெற்று அறைகளில் அடுக்கி வைத்ததை மென்பொருளில் ஒருவரும் பதியவில்லை. பென்சில்வேனியாவிலும் ஒரு பெரியம்மா வீட்டு விறாந்தை இருந்திருக்கிறது. மனைவியை எழுப்பிச் சொன்னேன், விசரா என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துவிட்டா.

அதே ஹேர்ஷி 2002 இல் அந்த மென்பொருளின் அடுத்த பதிப்புக்கு ஒரு சத்தமும் இல்லாமல் மாறியிருக்கிறது, இந்த முறை ஒழுங்காகச் சோதித்துப் பார்த்துவிட்டு. கொடக் கதையைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள், இதைச் சொல்ல ஏன் ஒருத்தரும் இல்லை? மாறாமல் கெட்டவனைப் போலத்தான் மாறக்கூடாத மாதத்தில் மாறிக் கெட்டவனும்.

ஒன்று கேட்கிறேன், போருக்குப் பயந்து யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் 30 இரவு நினைவிருக்கிறதா? நீயும் எங்களோடுதான் வந்தாய், செம்மணி வெளியில் அடி அடியாக நகர்ந்துகொண்டு. அப்பு மில்லின் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு வந்தார். கொப்பி அண்ணை தன் வீட்டுச் சாமான் ஒன்றையும் எடுக்கவில்லை, கொப்பிகளைப் பொலித்தீனில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டியிருந்தார். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது மில்லில் சுவர் மட்டும்தான் நின்றது. அந்தக் கொப்பிகளைப் பார்த்துத்தான் ஆள் ஆளாகப் போய்ப் பழைய கடனை வாங்கி, மண்ணெண்ணெய் எஞ்சினில் திரும்பத் தொடங்கினோம். அந்த மனுசனைத்தான் நான் ஆடி மாதம், ‘அண்ணை, இனி நீங்கள் ஓய்வாக இருங்கோ’ என்று கதிரையை வாசல் பக்கம் தள்ளிப் போட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தினமும் வந்து அதில் இருந்துவிட்டுப் போனார்.

அதற்காகக் கொப்பியே போதும் என்று சொல்ல வரவில்லை. அவருக்கு 71 வயது, போன மாதம் காய்ச்சலில் நாலு நாள் வராதபோது மில் அரைவாசி நின்றுபோனது. நீ சொன்னது அந்த அளவுக்குச் சரி. அதனால் இப்போது பின்னேரங்களில் பெரியவள் கணினியோடு இருக்க, அவர் சொல்லச் சொல்ல அவள் ஏற்றுகிறாள். யார் எந்த மாதம் கட்டுவார், யாருக்கு மல்லி குறைத்து வறுக்க வேண்டும், எந்தக் கடைக்கு மாதக் கடைசியில் கேட்டுப் போகக்கூடாது, எல்லாம். ‘விறாந்தை’ இப்போது மென்பொருளில் நான்காவது ஸ்டோர். பதில் சொல்கிற மெஷினை இரவில் மட்டும் விட்டிருக்கிறேன், உறைப்பு என்றால் என்ன என்று படித்துவிட்டது.

இன்னொன்று. 1985 இல் ஜப்பான்காரரின் போட்டி தாங்காமல் கணினிச் சிப் செய்கிற இன்டெல் தள்ளாடியபோது, அதன் தலைவர் அன்ட்ரூ குரோவ் முதன்மை அதிகாரி கோர்டன் மூரிடம், நம்மைத் துரத்திவிட்டுப் புது ஆளைப் போட்டால் அவன் என்ன செய்வான் என்று கேட்டாராம். மெமரி சிப்பைக் கைவிடுவான் என்று பதில். அப்படியென்றால் நாமே வெளியே போய்ப் புது ஆளாக உள்ளே வருவோம் என்று அதையே செய்தார்களாம். நானும் கேற்றுக்கு வெளியே போய் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு உள்ளே வந்து பார்த்தேன். பதினாலு சாமான் செய்கிறோம், நெல்லிரசமும் ஜாமும் இரண்டு வருடமாக நட்டம், தூளின் லாபத்தைத் தின்றுகொண்டு கிடக்கின்றன. நிறுத்திவிட்டேன். உன் மனைவியின் யோசனைதான் அந்த நெல்லிரசம், பக்குவமாகச் சொல்லு.

மாசி, பங்குனி எங்களுக்குச் சும்மா இருக்கிற காலம். கொப்பியையும் மென்பொருளையும் அந்த இரண்டு மாதமும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பார்க்கிறேன். இரண்டு கணக்கும் ஒத்துவந்தால் சித்திரையில் எழுதுகிறேன், அப்போது அனுப்பு. இப்போது இரண்டாவது மில் போட்டால் இந்தக் குழப்பத்தையே இரண்டாக்கி அரைப்பேன்.

அப்புறம், பழைய கொப்பி ஒன்றில் 1995 ஆவணியில் உன் பெயருக்கு நேரே ‘தூள் 1 கிலோ, பிறகு தருவார்’ என்று இருக்கிறது. அடித்துவிடலாமா என்று கேட்டேன், அண்ணை சம்மதிக்கவில்லை. பெரியவள் அதையும் ஏற்றிவிட்டாள். மெஷின் உனக்கு மெசேஜ் போட்டால் என்னோடு சண்டைக்கு வராதே.